பழைய லாரி அச்சு வாங்குமுன்

தமிழகத்துக்கு வெளியே தொழில் நடத்தும் நம்மவர்களில் லாரிச் சக்கரங்களை நம்பிப் பிழைப்போர் தொகை சிறிதன்று. திருச்செங்கோட்டிலிருந்து புறப்பட்ட ஆழ்துளைக் கிணற்று ரிக் வண்டிகள் மத்தியப் பிரதேசத்திலும் சத்தீஸ்கரிலும் ராஜஸ்தானத்திலும் உழவர் நிலங்களில் நின்று நீர் தேடுகின்றன. நாமக்கல், சங்ககிரி லாரிகள் போகாத மாநிலம் இல்லை. கல் குவாரியிலும் அணைக்கட்டு வேலையிலும் டிப்பர் ஓட்டும் நம்மவர்கள் பலர். இவர்களுள் பெரும்பாலோர் தார்ச்சாலையை விட்டு இறங்கி, உழுத நிலத்திலும் ஓடைப் படுகையிலும் பாறைச் சரிவிலும் வண்டியைச் செலுத்துபவர்கள். ஆகவே என்றேனும் ஒரு நாள் அச்சு பழுதுபட்டே தீரும். புதிய அச்சின் விலையைக் கேட்டுத் திகைத்து, பழைய சாமான் சந்தையின் பக்கம் கால்கள் தாமே திரும்பும். டில்லியில் மாயாபுரி, கல்கத்தாவில் மல்லிக் பஜார், பம்பாயில் குர்லா, இன்னும் வடக்கே ஏறக்குறைய எல்லா ஊர்களிலும் உள்ள டிரான்ஸ்போர்ட் நகர்கள் என்று அந்தச் சந்தைகள் நமக்குப் பழக்கமானவையே. அங்கே அச்சு வாங்குமுன் எவற்றைப் பார்க்க வேண்டும் என்பதே இன்றைய பேச்சு.

பழைய அச்சு என்றாலே கழிவு என்று ஒதுக்க வேண்டியதில்லை. முன்புறம் மோதி நொறுங்கிய லாரியின் பின் அச்சு பழுதின்றி இருக்கலாம். ஆனால் முறிந்த அச்சையே பற்றவைத்து, கறுப்புச் சாயம் பூசி, பளபளவென்று நிறுத்தியிருப்பதும் அதே சந்தையில்தான். இரண்டையும் பிரித்தறியும் கண் நமக்கு வேண்டும்.

முதலில் பின் அச்சின் அமைப்பைச் சற்று நினைவுபடுத்திக் கொள்வோம். கனரக லாரியின் பின் அச்சில் பாரத்தைத் தாங்குவது ஹவுசிங் எனப்படும் வெளிக்கூடு. அதன் இரு முனைகளிலும் உள்ள குழாய்த் தண்டின் மேல் பேரிங்குகளும், அவற்றின் மேல் ஹப்பும் சக்கரமும் அமர்கின்றன. கூட்டின் உள்ளே செல்லும் ஷாஃப்டுகள் சக்கரத்தைச் சுழற்றுமேயன்றிப் பாரத்தைத் தாங்குவதில்லை. ஆதலால் ஷாஃப்ட் முறிந்தால் அதை உருவிவிட்டு வேறொன்று செருகலாம். சக்கரம் தன் இடத்திலேயே நிற்கும். கூடு வளைந்தாலோ, அதன் முனைத்தண்டு தேய்ந்தாலோ அச்சே போயிற்று. ஷாஃப்டுக்காகக் கவலைப்பட்டுக் கூட்டைப் பாராமல் வாங்குகிறவர் பலர். பார்வை கூட்டிலிருந்தே தொடங்க வேண்டும்.

தார்ச்சாலையில் பல்லாண்டு ஓடிய அச்சு காட்டுப் பாதையில் சில மாதங்களில் கைவிடுவதேன்? சமமான சாலையில் பாரம் இரு சக்கரங்களிலும் ஒத்து விழுகிறது. குழியில் ஒரு சக்கரம் இறங்கும்போது பாரம் ஒருபக்கமாகச் சாய்கிறது. குலுக்கலில் கணநேரம் அது பன்மடங்காகவும் கூடுகிறது. சேற்றில் வீணாகச் சுழன்ற சக்கரம் திடீரென்று கெட்டி நிலத்தைப் பற்றும்போது, ஷாஃப்டின் மேலும் பற்சக்கரங்களின் மேலும் சம்மட்டி அடி போல் அதிர்ச்சி விழுகிறது. அளவு மீறிய பாரம் அச்சை முறிக்கும் என்பதை வள்ளுவரே உவமையாக எடுத்தாண்டார். நம் நாட்டில் நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சுக்குச் சட்டப்படி அனுமதித்த பாரம் 10.2 டன்னாக இருந்தது. 2018-ஆம் ஆண்டில் அது 11.5 டன்னாக உயர்த்தப்பட்டது. சட்டம் உயர்ந்ததனால் பழைய இரும்பின் பலம் உயர்ந்துவிடாது. 2018-க்கு முன் செய்யப்பட்ட அச்சை வாங்குவோர், அது எந்தப் பாரத்துக்கென்று வடிவமைக்கப்பட்டது என்பதை அதன் பெயர்த் தகட்டையும் தயாரிப்பாளரின் கையேட்டையும் கொண்டு தெளிந்துகொள்ள வேண்டும்.

இனி, சந்தைக்குச் செல்வோம். கையில் ஓர் அளவு நாடா, கொத்தனார் நூல், கம்பித் தூரிகை, சிறிது மண்ணெண்ணெய், சுண்ணக்கட்டி, ஒரு காந்தம், நல்ல கைவிளக்கு ஆகியவை இருக்கட்டும். ஹப்பும் டிரம்மும் கூடிய கனரக அச்சு அரை டன்னுக்கு மேல் கனக்கும். சங்கிலியில் தொங்கும் அச்சின் கீழே கையையோ தலையையோ நீட்டலாகாது. மரக்கட்டைகளின் மேல் அசையாமல் அமர்த்திய பிறகே சோதனையைத் தொடங்க வேண்டும்.

முதற்படி, கேள்வி. இது எந்த வண்டியின் அச்சு? வண்டி ஏன் உடைக்கப்பட்டது? பின்னாலிருந்து மோதப்பட்ட வண்டியா, கவிழ்ந்த வண்டியா, வெள்ளத்தில் நின்ற வண்டியா? விற்பவர் சொல்வதெல்லாம் உண்மையாக இராது. ஆயினும் அவர் சொல்லும் கதையும் அச்சு சொல்லும் கதையும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதற்கு இக்கேள்விகள் உதவும்.

இரண்டாவது, கண்பார்வை. புதுச்சாயம் பூசிய அச்சைப் பெருஞ்சந்தேகத்துடன் பார்க்க வேண்டும். துருவும் எண்ணெய்க் கறையும் படிந்து அழுக்காகக் கிடக்கும் அச்சு, பூசி மெழுகிய அச்சைவிட உண்மை பேசும். விரிசல் தோன்றும் இடங்கள் பெரும்பாலும் மூன்று. ஸ்பிரிங் பட்டை அமரும் பீடத்தின் பற்றவைப்பு ஓரம் ஒன்று. நடுவிலுள்ள அகன்ற வயிறு குழாயாகக் குறுகும் இடம் இரண்டு. பிரேக் தட்டு பொருந்தும் விளிம்பு மூன்று. இவ்விடங்களைக் கம்பித் தூரிகையால் தேய்த்துச் சுத்தம் செய்து, மண்ணெண்ணெய் தடவிச் சிறிது நேரம் விட்டு, நன்கு துடைத்துவிட்டுச் சுண்ணப்பொடியைப் பூசுங்கள். விரிசல் இருந்தால் அதனுள் புகுந்த எண்ணெய் மெல்லக் கசிந்து, வெண்மையின் மேல் மயிரிழை போன்ற ஈரக்கோடாகத் தெரியும். பட்டறைகளில் இதற்கென்றே சிவப்புச் சாயமும் வெள்ளைப் பூச்சும் கொண்ட சோதனைக் குப்பிகள் உண்டு. அவை இன்னும் நுட்பமாகக் காட்டும். தயாரிப்பாளர் இட்ட பற்றவைப்பு ஒரே சீராக இருக்கும். அதன் மேல் கைவேலையாக இட்ட பற்று மேடும் பள்ளமுமாய்த் தெரிந்தால், அங்கே ஒருமுறை முறிவு நேர்ந்தது என்று கொள்ளலாம். இரும்பின் மேல் நீலம் பாய்ந்திருந்தால், வளைந்த கூட்டைத் தீயிட்டு நிமிர்த்தியிருக்கிறார்கள் என்று பொருள். அதிகச் சூட்டில் எஃகு தன் பதத்தை இழக்கிறது. நிமிர்ந்த அச்சு மீண்டும் வளையும்.

மூன்றாவது, அளவு. கூட்டின் வளைவு கண்ணுக்கு எளிதில் புலப்படாது. ஷாஃப்டுகள் இரண்டையும் உருவிவிட்டு, ஒரு முனையின் நடுமையத்திலிருந்து மறுமுனையின் நடுமையத்துக்கு நூலை இழுத்துக் கட்டிப் பார்க்கலாம். ஆனால் நடுவே டிஃபரென்ஷியலையும் கழற்றியிருக்க வேண்டும். கழற்ற விற்பவர் சம்மதிக்காவிட்டால் வேறொரு வழி உண்டு. இரு பக்கமும் சக்கர வளையம் மாட்டிய நிலையில், ஒவ்வொரு வளையத்தின் உள்விளிம்பிலும் ஒரு புள்ளி குறித்து, இரண்டும் முன்புறம் ஹப்பின் மைய உயரத்தில் நிற்கும்போது இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். பிறகு இரு சக்கரங்களையும் அரைச்சுற்றுச் சுழற்றி, அதே புள்ளிகள் பின்புறம் வந்ததும் மீண்டும் அளந்து பாருங்கள். அவ்வாறே மேலும் கீழும் அளவெடுங்கள். ஒரே புள்ளிகளைக் கொண்டு அளப்பதனால் வளையத்தின் கோணல் கணக்கில் சேராது; எஞ்சும் வேறுபாடு அச்சின் வளைவே. வேறுபாடு நாடாவிலேயே தெளிவாகத் தெரிந்தால் அந்த அச்சு வேண்டாம். வளைந்த அச்சு டயரை ஒருபுறமாகத் தின்னும், பேரிங்கை உடைக்கும், ஷாஃப்டை ஒவ்வொரு சுற்றிலும் நெளித்து முறிக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. காற்று பிரேக் உள்ள அச்சில், காற்று இல்லாதபோது ஸ்பிரிங்கே பிரேக்கைப் பிடித்துக்கொண்டிருக்கும். சக்கரம் சுழலாவிட்டால் அதற்குரிய போல்ட்டைச் செருகி முறைப்படி விடுவிக்க வேண்டும். அந்த ஸ்பிரிங் சேம்பரின் கட்டுவளையத்தை மட்டும் எக்காரணத்தாலும் கழற்றாதீர்கள். உள்ளே அடக்கப்பட்டிருக்கும் ஸ்பிரிங் ஆளைக் கொல்லும் விசையுடையது. டிரம்மின் உள்ளே படிந்த தூசியையும் காற்றடித்து ஊதவேண்டாம். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கக்கூடும்; அது நுரையீரலுக்குப் பகை. ஈரத்துணியால் துடைப்பதே நன்று.

நான்காவது, உள்ளே பார்த்தல். அடிப்பக்கத்து எண்ணெய் அடைப்பைத் திறந்து எண்ணெயைச் சிறிது வடியுங்கள். காந்தத்தில் நுண்ணிய சாம்பல் நிறப் பசை ஒட்டுவது இயல்பான தேய்மானம். இரும்புச் செதில்களும் சில்லுகளும் வந்தால் பல்லோ பேரிங்கோ உடைந்திருக்கிறது. எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்த அச்சு. ஓடையிலும் சேற்றிலும் பாடுபட்டது. எண்ணெயே இல்லையென்றால் நெடுநாள் வெறுமையாகக் கிடந்து உள்ளே துருப்பிடித்திருக்கும். புத்தம் புதிய எண்ணெய் நிறைந்திருந்தாலும் சற்று யோசியுங்கள். விற்கப்போகும் பொருளுக்கு அவர் ஏன் செலவழித்தார்?

பிறகு ஹப்பின் விளிம்பிலுள்ள நட்டுகளைக் கழற்றி ஷாஃப்டை வெளியே உருவுங்கள். அதன் முனையிலுள்ள வரிப்பற்கள் அச்சுக்கு இணையாக நேராக ஓட வேண்டும். முறுக்கிய கயிற்றைப்போல் அவை சாய்ந்திருந்தால், அந்த ஷாஃப்ட் தாங்கக்கூடிய எல்லையைக் கடந்துவிட்டது. முறியாமல் இருக்கிறதே என்று அதை நம்ப வேண்டாம். அடுத்த ஏற்றத்தில் முறியும். ஏற்றத்தில் ஷாஃப்ட் முறிந்தால் எஞ்சினின் பிடிப்பு அறவே போய்விடும். வண்டி முழுவதும் பிரேக்கை நம்பியே நிற்கும். பாரம் ஏற்றிய டிப்பருக்குப் பின்னால் கல் வைக்க நிற்கும் உதவியாளின் உயிர் அந்நேரத்தில் அந்த வரிப்பற்களில் தொங்குகிறது என்று சொன்னால் மிகையாகாது.

ஐந்தாவது, பற்சக்கரங்கள். கிரௌன் சக்கரமும் பினியனும் ஒன்றோடொன்று உராய்த்துப் பொருத்தப்பட்ட ஜோடி. இரண்டிலும் பொறித்துள்ள ஜோடி எண் ஒன்றாக இருக்க வேண்டும். வேறு ஜோடியிலிருந்து ஒன்றை மட்டும் மாற்றியிருந்தால் இரைச்சல் எழும். பற்கள் விரைவில் தேயும். பல்லின் முகத்தில் அம்மைத் தழும்பு போன்ற குழிகளோ, ஓரத்தில் சில்லுப் பெயர்ந்த அடையாளமோ இருக்கலாகாது. பினியன் முனையை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் அதன் பேரிங் போய்விட்டது.

பற்களின் விகிதம் மிக முக்கியம். கிரௌனில் 41 பற்களும் பினியனில் 7 பற்களும் இருந்தால் விகிதம் 5.857, பினியனில் 6 பற்கள் இருந்தால் 6.83. மூடிய அச்சில் இதை அறிய ஓர் எளிய வழி உண்டு. ஒரு சக்கரத்தைச் சுழலாமல் பிடித்துக்கொண்டு மற்றதைச் சரியாக இரண்டு சுற்றுச் சுழற்றுங்கள். அதற்குள் பினியன் முனை எத்தனை சுற்றுச் சுழல்கிறதோ அதுவே விகிதம். 5.857-க்குப் பதிலாக 6.83 மாட்டினால் சக்கரத்தில் இழுவிசை சுமார் 17 சதவிகிதம் கூடும். அதே எஞ்சின் சுழற்சியில் வேகம் சுமார் 14 சதவிகிதம் குறையும். குவாரி ஏற்றத்துக்கு அது நன்மை. நெடுஞ்சாலையில் நெடுந்தூரம் ஓடும் வண்டிக்கு வீண் டீசல் செலவு. இரண்டு இயங்கும் அச்சுகள் உள்ள வண்டியில் இரண்டின் விகிதமும் ஒன்றாகவே இருக்க வேண்டும். மாறுபட்டால் ஒன்றை ஒன்று எதிர்த்து இழுத்து, டயரும் பற்சக்கரமும் நாசமாகும். கிரௌன் சக்கரம் எந்தப் பக்கத்தில் அமைந்திருக்கிறது என்பதையும் பாருங்கள். பக்கம் மாறிய அச்சைப் பொருத்தினால் முன்கியர் போட்டால் வண்டி பின்னே போகும்.

ஆறாவது, முனைத்தண்டும் ஹப்பும். சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் சிறிது ஆட்டம் தெரியலாம்; நட்டை முறுக்கி அதைச் சரிசெய்யலாம். ஆனால் ஹப்பைக் கழற்றி, பேரிங் அமரும் இடத்தைக் கண்ணால் கண்டே தீர வேண்டும். பேரிங் தன் இடத்தில் சுழன்று தண்டைத் தேய்த்திருந்தால் அங்கே வளைய வளையமாகப் பள்ளமும் சூட்டினால் ஏற்பட்ட நீலமும் இருக்கும்.

இதைப் பாராமல் ஏமாந்த ஒரு நண்பரின் கதையைச் சொல்ல வேண்டும். விதர்ப்பப் பகுதியில் ரிக் வைத்திருந்த அவர், மழைக்காலம் வருமுன் வேலையை முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், சாயம் பூசிய ஓர் அச்சை ஒரே மாலையில் விலைபேசி வாங்கிவிட்டார். பற்சக்கரத்தைப் பார்த்தார், ஷாஃப்டைப் பார்த்தார், ஹப்பைக் கழற்ற மட்டும் நேரமில்லை. மூன்றாம் வாரம் பருத்தி வயலின் நடுவே பேரிங் சிதைந்து, இரட்டைச் சக்கரம் ஹப்போடு சாய்ந்தது. நல்லவேளையாக வண்டி மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது, ஆளுக்குச் சேதமில்லை. ஆனால் கிரேன் வருமுன் மழை வந்துவிட்டது. ஈரக் கரிசலில் புதைந்த ரிக்கை வெளியே எடுக்கும்போது பருவமே முடிந்திருந்தது. ஊரில் நிலத்தை அடகு வைத்து வாங்கிய வண்டி அது. ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தப் போய் ஓர் ஆண்டின் வருமானத்தைத் தொலைத்தேன் என்று அவர் சொன்னது இன்றும் என் செவியில் நிற்கிறது.

முன் அச்சு வாங்குவோர்க்கு இரண்டொரு சொல். கிங்பின்னில் ஆட்டம் இருந்தால் புஷ்ஷும் பின்னும் மாற்றிச் சரிசெய்யலாம். ஆனால் அச்சுத்தண்டே முறுக்கிக்கொண்டிருந்தால், ஸ்டியரிங் கைகளைப் பற்றவைத்திருந்தால், அதைத் தொடவே வேண்டாம். ஸ்டியரிங்கில் ஒட்டுவேலைக்கு இடமில்லை.

ஏழாவது, பொருத்தம். நல்ல அச்சாக இருந்தும் நம் வண்டிக்குப் பொருந்தாவிட்டால் பயனில்லை. இரு ஸ்பிரிங் பீடங்களுக்கு இடையேயுள்ள தூரம், சக்கர அகலம், ஸ்டட்டுகளின் எண்ணிக்கை, அவை அமைந்த வட்டத்தின் விட்டம், பினியன் முனைத் தட்டின் போல்ட்டுத் துளைகள் ஆகியவற்றை நம் வண்டியில் முன்கூட்டியே அளந்து குறித்துக்கொண்டு செல்லுங்கள். டிரம்மின் மேல் அதன் மிகுதியான உள்விட்டம் பொறிக்கப்பட்டிருக்கும். தேய்ந்து அதைக் கடந்த டிரம் எடைக்குப் போடத்தான் உதவும். உதிரிகள் எங்கும் கிடைக்கும் அச்சையே தேர்ந்தெடுங்கள். ஜாம்ஷெட்பூரிலும் மைசூரிலும் செய்யப்பட்டு நாடெங்கும் ஓடும் அச்சுகளுக்கு ஆயில் சீல் எந்த ஊரிலும் கிடைக்கும். ராணுவ ஏலத்தில் வந்த அபூர்வமான அச்சுக்கு ஒரு சீல் தேடி நான்கு மாநிலம் அலைய நேரும்.

எட்டாவது, சட்டம். ரசீது இல்லாமல் வாங்காதீர்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அவ்வாறு நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதையின் 317-ஆம் பிரிவின்படி குற்றம். மொழி தெரியாத ஊரில் காவல் நிலையத்தில் நின்று வாதாடுவது எளிதன்று. எண்ணைத் தேய்த்து அழித்த அச்சு எவ்வளவு மலிவாயினும் வேண்டாம். மேலும், பொதுச் சாலையில் ஓடும் வண்டியில், பதிவுச் சான்றில் கண்ட விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றுக்கு மாறுபடும்படி மாற்றம் செய்வதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. அதே வகை அச்சை மாற்றுவது வேறு; கூடுதல் அச்சு சேர்ப்பது வேறு. வயலில்தானே ஓடுகிறது என்று எண்ணலாம்; ஆனால் அந்த வயலுக்குச் செல்லும் வழி சாலைதான்.

இறுதியாக, முடிவெடுக்கும் முறை. கண்ட குறைகளை இரு பட்டியலாக எழுதிக்கொள்ளுங்கள். ஆயில் சீல், பேரிங், லைனிங், டிரம், ஷாஃப்ட் ஆகியவை காசு கொடுத்தால் மாற்றத்தக்கவை. அவற்றின் செலவை அச்சின் விலையோடு கூட்டி, கூலியையும் சேர்த்து, புதிய அச்சின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வளைந்த கூடு, விரிசல் கண்ட ஸ்பிரிங் பீடம், தேய்ந்த முனைத்தண்டு, தீயிட்ட நீலம் ஆகியவை மாற்றத்தகாதவை. இவற்றில் ஒன்று இருந்தாலும் பேரம் பேசாமல் எழுந்து வந்துவிடுங்கள். மலிவு என்பது அங்கே ஒரு வாதமே அன்று. திறந்து பார்க்க விடாத வியாபாரியிடமும் அப்படியே. நல்ல பொருளை வைத்திருப்பவர் திறந்து காட்டத் தயங்குவதில்லை.

வாங்கிய பிறகும் ஒரு கடமை உண்டு. எண்ணெயை மாற்றி, சீல்களைப் புதிதாக்கி, மேலேயுள்ள காற்றுப்போக்கியைச் சுத்தம் செய்யுங்கள். அது அடைபட்டால் சூட்டில் காற்று அழுத்தம் கூடி எண்ணெய் சீல் வழியே வெளியேறும். முதல் நாள் பாரமின்றி ஓட்டி, ஹப்புகளைத் தொட்டுச் சூடு பாருங்கள். சில நாட்கள் கழித்து ஸ்பிரிங்கின் யூ போல்ட்டுகளையும் சக்கர நட்டுகளையும் மீண்டும் முறுக்குங்கள். எண்ணெயைச் சிறிது வடித்து, காந்தத்தை மறுபடியும் இட்டுப் பாருங்கள்.

அயலூரில் வண்டி நின்றால் தாங்கிப் பிடிக்க உறவினர் இல்லை. அதனால் நமக்குக் கூடுதலான கவனம் வேண்டியிருக்கிறது. அடுத்த முறை பழைய அச்சின் முன் நிற்கும்போது, அவசரம் எவ்வளவு இருந்தாலும், ஹப்பைக் கழற்ற ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.